எட்டுப் பேருக்கு ஐந்நூற்று அறுபது கிலோ

எங்கள் வீட்டு மாடியில் எட்டுப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூக்கண்டப்பள்ளியில் எந்த மாடியிலும் அப்படித்தான் இருப்பார்கள். எல்லோருக்கும் இருபதிலிருந்து இருபத்து நான்கு வயது. எல்லோரும் ஒரே உதிரிபாகக் கம்பெனியில் வேலை. காலை ஏழு இருபதுக்குக் கம்பெனி பஸ். ஏழு பதினெட்டுக்கு எழுந்திருப்பார்கள். மாடிப்படி பதினேழு. அதை எட்டுப் பேரும் சேர்ந்து எவ்வளவு நேரத்தில் இறங்குவார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பதினொரு வினாடி. பல் தேய்ப்பது அந்தப் பதினொரு வினாடிக்குள் அடக்கம்.

நான் வேறொரு தொழிற்சாலையின் வாசலில் இருந்த லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். சரக்கோடு லாரி வரும், லோடு எடை. இறக்கிவிட்டுத் திரும்பும், காலி எடை. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கு எடை. முப்பத்தொரு வருடமும் நான் செய்தது இந்த ஒரு கழித்தலைத்தான். ஒரு நாளும் தப்பியதில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு மாலை எட்டுப் பேரும் கீழே வந்து என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். தொழிற்பேட்டையில் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு விளையாட்டு விழா. அதில் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறார்களாம். கேப்டன் கெலமங்கலத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

"சார், எட்டு பேரோட மொத்த எடை ஐநூத்தி அறுபது கிலோவத் தாண்டக் கூடாதாம். நீங்கதான் எடை போட்டுக் குடுக்கணும்."

"நான் போட்டதெல்லாம் இரும்பு. நீங்கள் என்ன இரும்பா?"

"இல்ல சார், ஸ்கிராப்பு" என்றான் விழுப்புரத்திலிருந்து வந்த ஒல்லிப் பையன்.

மருந்துக்கடை மிஷினில் ஒவ்வொருவராக ஏறினால் போதும். ஆனால் அவர்களில் ஒருவன், சாமல்பட்டிக்காரன், அதில் ஏறமாட்டேன் என்றான். நல்ல ஆகிருதி. எங்கள் வாசற்கதவில் அவன் மட்டும் பக்கவாட்டில் திரும்பி நுழைவான்.

"அதுல ஏறினா கடையில கீறவங்கல்லாம் எட்டிப் பாப்பாங்க சார். எல்லாரையும் ஒண்ணாப் போடுங்க. நான் கும்பல்ல நின்னுக்கறேன்."

எல்லோரையும் ஒன்றாகப் போட லாரி எடைமேடைதான் ஒரே வழி. ரிங் ரோட்டில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வருவதற்கு முன் வரச் சொன்னார்.

அந்த ஞாயிறு சர்ச்சில் முதல் பூசை முடிந்து நான் நேராக அங்கே போனேன். பையன்கள் மைதானத்தில் பயிற்சி முடித்துவிட்டு வந்தார்கள். முன்னால் ஏழு பேர், பின்னால் சாமல்பட்டிக்காரன். தோளில் கயிற்றுச் சுருள். கிரேன் கம்பெனி ஷெட்டில் இரவல் வாங்கிய கயிறு, கை மணிக்கட்டு அளவுத் தடிமன். அது அவன் பொறுப்பு. கீழே வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயத்தில் அதை இறக்கவே மாட்டான்.

ஏழு பேரும் மேடையில் ஏறினார்கள். 465. பிறகு அவன் ஏறினான். 585.

கழித்தேன். "நூற்றிருபது" என்றேன்.

ஒல்லிப் பையன் மெதுவாக, "ரெண்டு நானு" என்றான்.

சாமல்பட்டிக்காரன் கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "பெருசா கீறேன்னு தெரியும் சார். இவ்ளோன்னு தெரியாது."

இருபத்தைந்து கிலோ அதிகம். கேப்டன் உடனே வழி சொன்னான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் பையன் ஒருவன் இருக்கிறான், எழுபத்தைந்து கிலோ. இவனை எடுத்துவிட்டு அவனைப் போட்டால் கணக்கு முடிந்தது. எனக்கும் அது சரியான கணக்காகத்தான் பட்டது.

அன்று மத்தியானம் சாமல்பட்டிக்காரன் தனியாக இறங்கி வந்தான்.

"சார், ஸ்கூல்ல கோ-கோ ஆடறப்ப என்னைக் கம்பமா நிக்க வெச்சாங்க. ஆட்டத்துல சேத்துக்கினாங்கன்னு நெனச்சி ரெண்டு வருசம் நின்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கம்பம் வாங்க காசில்லைன்னு. இந்தக் கயிறு இழுக்கறதுலதான் மொதல் மொதல் என் பேரை எழுதிக் குடுத்திருக்காங்க. அஞ்சு வாரம் கீது. எறக்கிக் காட்டறேன்னு கேப்டன்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். கேப்டன் ஒரு நிபந்தனை போட்டான். போட்டிக்கு முந்தின நாள் மேடையில் எட்டுப் பேரும் 560க்குள் வர வேண்டும்; வராவிட்டால் அத்திப்பள்ளி. இருபத்தைந்தையும் இவன் ஒருவனே இறக்கினால் ஆளே மிஞ்சமாட்டான் என்பதால் எட்டுப் பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு மூன்று கிலோ நூற்றிருபத்தைந்து கிராம். நான்தான் வகுத்துக் கொடுத்தேன்.

முதல் வாரம் அவர்கள் கண்டுபிடித்த முறை, சாப்பிடாமல் இருப்பது. காலையில் ஏற்கெனவே சாப்பிடுவதில்லை என்பதால் அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. மதியம் கேண்டீனை விட்டார்கள். மாலை நான்கு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கிய ஏழு பேர் நேராக எதிரே இருந்த பேக்கரிக்குள் போனார்கள். நான் எங்கள் கேட்டிலிருந்து எண்ணினேன். முட்டை பஃப்ஸ் பதினான்கு, தேங்காய் பன் ஒன்பது, கலர் பாட்டில் ஏழு. அங்கிருந்து தள்ளுவண்டி, கோபி மஞ்சூரியன் ஆறு தட்டு. எட்டு மணிக்குப் பரோட்டா. அதை நான் பார்க்கவில்லை. மறுநாள் குப்பையில் கிடந்த சால்னா பொட்டலக் கவரை எண்ணித்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை ஒல்லிப் பையன் மிஷின் முன்னால் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இன்னா ஆச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"டயட்டும்மா."

"உனக்கெதுக்குடா டயட்டு? நீ அம்பத்தெட்டு கிலோவா?"

"அம்பத்தாறு. மூணு குடுத்தா அம்பத்துமூணு. டீமுக்காக."

அந்த ஞாயிறு மேடை 590 காட்டியது.

மேடையிலேயே சண்டை வந்துவிட்டது. "நான் ஒண்ணரைக் கிலோ குடுத்தேன். நீ இன்னாடா குடுத்தே?" "நான் முடி வெட்டிக்கினேன்." "அது எவ்ளோ வரும்?" "சார், முடி எவ்ளோ வரும்?" என்று என்னைக் கேட்டார்கள். அந்த எடைமேடை ஐந்து கிலோவுக்குக் குறைவாகக் காட்டாது என்றேன். "அப்ப நீ குடுக்கல" என்று தீர்ப்பாயிற்று. சாமல்பட்டிக்காரன் கயிற்றோடு ஓரமாக நின்று தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து எட்டுப் பேருக்கும் கட்டம் போட்டேன். காலை, மதியம், மாலை, இரவு, காய், கீரை, பழம், தண்ணீர். தினமும் மாலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய்க் கேட்டு நிரப்பினேன்.

நான்கு நாள் கழித்து நோட்டைப் பார்த்தால் எனக்கே குழப்பமாக இருந்தது. ஏழு பேரின் காலைக் கட்டத்தில் ஏழு பூஜ்யம். காய்க் கட்டத்தில், மஞ்சூரியனைக் காலிபிளவராக எடுத்துக்கொண்டால் ஆறு, எடுத்துக்கொள்ளாவிட்டால் பூஜ்யம். எட்டாவது ஆளின் வரிசை மட்டும் நிறைந்திருந்தது. காலையில் ராகிக் களி ஓர் உருண்டை, கீரை மசியல். பத்து மணிக்கு ஒரு கொய்யா. மதியம் கேண்டீன் சாப்பாடு, சோறு ஒரு முறை, பொரியல் இரண்டு முறை, மோர். மாலை வேர்க்கடலை ஒரு கைப்பிடி. ஏழரை மணிக்கு இரண்டு சப்பாத்தி, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு முட்டை. தண்ணீர் பத்து டம்ளர்.

பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டினேன். நூற்றிருபது கிலோ இப்படி வராது. மூன்று நாள் ஏதாவது சாக்குச் சொல்லி மேலே போய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒருநாள் தண்ணீர்த் தொட்டி, ஒருநாள் கரண்டு மீட்டர், ஒருநாள் சாக்கே இல்லை. மற்ற ஏழு பேரும் தூங்க, அவன் மட்டும் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து தானே களி கிண்டினான். அம்மா வயல் வேலைக்குப் போவதால் பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டில் சமைத்தவனாம். சொன்னதைத்தான் சாப்பிட்டான். ஒரு கவளம்கூடக் கூடுதல் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு இதில் குழப்பமே இல்லை.

"ஏங்க, அவன் மூஞ்சில கீற தெளிவு அந்த ஏழு பேர்ல எவனுக்காவது கீதா? அவன் எலும்பே அப்படிங்க. எடை ஏறினவன் அவன் இல்ல, இவனுங்கதான். நீங்க தப்பான ஆள எண்ணிக்கினு உக்காந்திருக்கீங்க."

கேப்டனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். அவன் தன் வரிசையில் விரல் வைத்து எண்ணினான்.

"நான் ஒரு வாரத்துல இருபத்திரெண்டு பஃப்ஸா சார்?"

"இருபத்து மூன்று. செவ்வாய்க்கிழமை ஒன்று நின்றுகொண்டு சாப்பிட்டாய்."

அன்றிலிருந்து சாமல்பட்டிக்காரன் எட்டுப் பேருக்கும் சமைப்பது என்று ஆயிற்று. காலை ஆறு மணிக்கு அவன் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவான். முதல் நாள் களியை மென்று மென்று தாடை வலிக்கிறது என்றான் ஒருவன். "மெல்லக் கூடாதுடா, முழுங்கணும்" என்றார்கள். முழுங்கினான். முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் ஒல்லிப் பையன் இரண்டாவது உருண்டை கேட்டான். அவனை எடை ஏற்றலாமா கூடாதா என்று ஒரு கூட்டம் நடந்தது. ஏறட்டும், அவன் ஏறுவதை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம் என்று தீர்மானம். பேக்கரிக்காரர் எங்கள் கேட்டுக்கு வந்து, பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்களா என்று கேட்டார்.

மேடை 575 காட்டியது.

இதற்குள் அத்திப்பள்ளிப் பையனுக்கு விஷயம் எட்டி, தனக்கு இடம் கிடைக்குமா என்று பார்க்க ஒரு காலையில் வந்தான். வந்தவன் தட்டின் முன் உட்கார்ந்தான். அவரைக்கொட்டைக் குழம்பை முடித்துவிட்டுக் கேப்டனைப் பார்த்து, "ஹக்கா பேடா குரு, முத்தெ சாக்கு" என்றான்.

"இன்னா சொல்றான்?" என்றான் சாமல்பட்டிக்காரன்.

"கயிறு வேணாமாம். உன் களி போதுமாம்."

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். இவனை வெளியேற்ற வந்தவனுக்கு இவனே பரிமாறிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் நோட்டில் ஒன்பதாவது வரிசை போட்டேன்.

அப்போது சாமல்பட்டிக்காரன் நோட்டை வாங்கிப் புரட்டினான். "உங்க வரிசை எங்க சார்?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். இருந்தாலும் எண்ணுகிறவன் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. பத்தாவது வரிசை போட்டு ஒருநாள் எழுதினேன். ரஸ்க் ஒன்பது, டீ ஐந்து, கீரை பூஜ்யம், பழம் பூஜ்யம். பென்சிலில் எழுதியிருந்ததால் அழிக்க வசதியாக இருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து எனக்கும் ஒரு கிண்ணம் கீரை கீழே வந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் எங்களைக் கெடுத்தது. மனைவி முந்நூற்றுப் பன்னிரண்டு அதிரசம் சுட்டாள். மாடிக்கு எண்பது. ஆளுக்கு ஒன்று போதும் என்று நான் மன்றாடினேன். பண்டிகைக்கு எண்ணிக் கொடுக்கிற வீடு இது இல்லை என்றாள். முப்பத்தொரு வருடம் எண்ணிய சம்பளத்தில்தான் அந்த வீடு நின்றது. மேடை 580.

அதற்கப்புறம் ஒழுங்காக இறங்கியது. ஜனவரி முதல் ஞாயிறு 565. போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, எல்லோரும் ரிங் ரோட்டுக்குப் போனோம். ஏழு பேர் ஏறினார்கள். சாமல்பட்டிக்காரன் கயிறும் தானுமாகக் கடைசியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐந்நூற்று அறுபது" என்றேன்.

ஏழு பேரும் அவனைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஞாயிறு காலை விழா மைதானத்தில் பந்தல், மைக், ஒரு மேசை. மேசைக்குப் பக்கத்தில் சிறிய எடை மிஷின். ஒவ்வொருவராக ஏற வேண்டும் என்றார் நடுவர். கும்பலாக நிற்கும் வசதி இல்லை. சாமல்பட்டிக்காரன் முகம் வெளிறிவிட்டது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கம்பெனிக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஏழு பேரும் ஏறி இறங்கினார்கள். நான் கூட்டிக்கொண்டே வந்தேன். 444.

மீதி 116. அவன் நூற்றுப் பதினாறுக்குள் இருக்க வேண்டும்.

"அடுத்து" என்றார் நடுவர்.

அவன் மிஷினையும் கூட்டத்தையும் பார்த்தான். பிறகு தோளிலிருந்த சுருளைக் கழற்றி, "சார், இதக் கொஞ்சம் புடிங்க" என்று என் கையில் வைத்தான்.

என் முழங்கால் இரண்டும் மடங்கின. கயிறு என்னைக் கூட்டிக்கொண்டு தரைக்குப் போனது. நான் புல்லில் உட்கார்ந்து, மடியில் அந்தச் சுருளை வைத்துக்கொண்டு, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அது என்ன எடை இருக்கும் என்று யோசித்தேன்.

லோடு எடை. காலி எடை. முப்பத்தொரு வருடம்.

"எம்பத்தாறு" என்றார் நடுவர்.

கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை. எண்பத்தாறில் பார்க்க என்ன இருக்கிறது. சாமல்பட்டிக்காரன் மட்டும் குனிந்து எண்ணைப் பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"மொத்தம் ஐநூத்தி முப்பது" என்றார் நடுவர். "இன்னும் முப்பது கிலோ எடம் கீதே. நல்லா சாப்டுட்டு வரக் கூடாதாப்பா?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மறைத்துப் பயனில்லை. புல்லில் உட்கார்ந்தபடியே சொன்னேன். கயிறு முப்பது கிலோ. முதல் நாளே நீங்கள் எட்டுப் பேரும் 555தான். இறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தவன் ஒல்லிப் பையன். "அப்ப நான் சாப்பிடாம உட்ட பஃப்ஸெல்லாம்?"

"சும்மாதான்."

"எத்தினி சார்?"

நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "நாற்பத்தொன்று."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கேப்டன் கன்னடத்தில் ஏதோ சொன்னான். நல்ல வேளையாக எனக்குப் பாதிதான் புரிந்தது. சாமல்பட்டிக்காரன் வந்து என் எதிரே குந்தினான்.

"நான் நூத்தி இருவது இல்லையா சார்?"

"இல்லை."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. ஆரம்பத்தில் தொண்ணூறு. உன்னை எடுக்க வேண்டிய பேச்சே வந்திருக்கக் கூடாது. தப்பு என்னுடையது."

அவன் என் மடியிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். "அஞ்சு வாரமா இத நான்தான சார் தூக்கினேன். எனக்கே தெரியல பாருங்க." அவன் சிரித்ததும் மற்ற ஏழு பேருக்கும் வேறு வழியில்லை.

முதல் சுற்றில் ஒரு பெயின்ட் கம்பெனி அணி. 558 கிலோ. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள் என்பது அவர்கள் கொட்டாவியிலேயே தெரிந்தது. நம் பையன்கள் ஆறரைக்கே களி முடித்தவர்கள். சாமல்பட்டிக்காரன் கடைசி ஆளாகக் கயிற்றை முதுகில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் புதைத்தான். அப்புறம் அவன் நகரவில்லை. கோ-கோவில் இரண்டு வருடம் கம்பமாக நின்ற பழக்கம் என்று பிறகு சொன்னான். இரண்டு இழுப்பும் நமக்கு. இரண்டாம் சுற்றில் ஒரு வார்ப்பட ஆலை அணி, 560 சரியாக. அந்த முப்பது கிலோ வித்தியாசம் அங்கே தெரிந்தது. ஏழு பேரும் ஒவ்வொருவராகச் சரிந்த பிறகும் அவன் கயிற்றை விடாமல் உட்கார்ந்த நிலையிலேயே கோடு வரை இழுபட்டுப் போனான். அளந்தேன், பதினோரு அடி. கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து, மண் ஒட்டிய முகத்தோடு அவன் எழுந்தபோது, மைக்கில் முதல் தடவையாக அவன் பேரைச் சொன்னார்கள். தோற்ற அணியில் நன்றாக நின்றவர் என்று.

திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஒல்லிப் பையன் நாற்பத்தொன்றில் நான்கைப் பேக்கரியில் வசூல் செய்துகொண்டான். ஆனால் காலை ஆறு மணிக்கு மாடியில் பாத்திரம் தட்டும் சத்தம் கேட்டது. பதினேழு படியிலும் அத்திப்பள்ளிப் பையன் ஏறும் சத்தம் கேட்டது. ஏழு இருபது பஸ்ஸுக்கு எட்டுப் பேரும் நடந்து போனார்கள்.

மாலையில் சாமல்பட்டிக்காரன் வந்து, "மருந்துக்கடை வரைக்கும் வர்றீங்களா சார்? நோட்டையும் எடுத்துக்குங்க" என்றான்.

கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். அவன் நேராகப் போய் மிஷினில் ஏறினான். முள் ஆடி எண்பத்தாறில் நின்றது. நான் பேனாவைத் திறந்தவன் சட்டென்று நிறுத்தி, அவன் தோளைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான், இரண்டு கையையும் விரித்துக் காட்டினான், மெதுவாக ஒரு சுற்றும் சுற்றினான்.

கழிக்க ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டேன்.